இலைமேல் வைத்த கை

எனக்கு என் தம்பியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வந்துவிடும். உருகுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. அவனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. அவன் இரத்தமும் என் இரத்தமும் ஒரே வகை. அவன் மனைவியின் இரத்தம் சேரவில்லை. எங்கள் அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். வேறு யார் கொடுப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரரா?

நாங்கள் பிறந்தது மலேசியாவில், புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக நட்ட ஒரு செம்பனைத் தோட்டத்தில். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்திலும் செம்பனை நட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோவில் மட்டும் நிற்கிறது. நான் சின்ன வயதிலிருந்தே பருமன். பள்ளிக்கூட பஸ்ஸில் நான் காலை வைக்கும்போதெல்லாம், "அங்கிள், டயரப் பாத்துக்குங்க" என்று என் தம்பி பின் சீட்டிலிருந்து கத்துவான். பஸ்ஸே சிரிக்கும். வளர்ந்த பிறகாவது திருந்தினானா என்றால் அதுவும் இல்லை. என் கல்யாணத்தன்று மணவறைப் பலகையைத் தட்டிப் பார்த்து, தாங்குமா என்று ஐயரிடம் கேட்டவன் அவன். ஐயரும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

அவன் சிறுநீரகம் கெட்ட கதையைக் கேட்டால் உங்களுக்கும் அவனைப் பிடிக்காமல் போகும். அவனுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையைத் தின்றால் கிட்னி கெட்டுவிடும் என்று யாரோ சாப்பாட்டுக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். படித்தவர்கள் சொல்வதை விட்டுவிட்டுப் பரோட்டா பிய்த்துக்கொண்டிருந்தவன் சொல்வதை நம்புவதில் எங்கள் ஆட்களுக்கு நிகர் கிடையாது. மாத்திரைகளையெல்லாம் மைலோ டின்னில் போட்டு மூடிவைத்தான். கிட்னியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே கிட்னியைத் தொலைத்தவன் என் தம்பி. கால் வீங்கி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் போய் விழுந்தபோது, அந்த டின்னைத் திறந்து காட்டி அவன் மனைவி அழுதாள். அன்று அவனை அறையாமல் விட்டதற்கு, அவன் மூக்கில் குழாய் இருந்ததுதான் காரணம்.

ஆஸ்பத்திரியில் கேட்டபோது நான் சரி என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று என் கணவருக்குக்கூட எனக்கு விளக்கத் தெரியவில்லை. "அவன் போயிட்டா நான் யார்கிட்ட சண்ட போடுறது" என்றேன். அவர் லோரி ஓட்டுகிறவர், வார்த்தையைச் செலவழிக்கமாட்டார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

ஆனால் சரி என்று சொன்னால் மட்டும் போதாதாம். டாக்டர் என் இரத்தத்தையும் எடையையும் பார்த்துவிட்டு, இந்த உடம்போடு வெட்டமுடியாது என்றார். எடை குறைய வேண்டும். சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, அது கீழே இறங்க வேண்டும். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் ஒன்றைச் சர்க்கரைக்குப் பலி கொடுத்தால், நாளைக்கு உங்களுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாழ்நாள் முழுக்க என்னைப் பூசணிக்காய் என்று கேலி செய்தவன் பிழைப்பதற்கு நான் இளைக்க வேண்டும். கடவுளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

உணவு ஆலோசகர் ஒரு மலாய்க்காரப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். ஒரு தட்டை வரைந்து கோடு போட்டுக் காட்டினாள். கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறி. அவ்வளவுதான். நான் ராவாங்கில் ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில் லைன் லீடராக இருக்கிறேன். புக்கிட் செந்தோசா வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, பத்து மணிக்கு ரொட்டி சானாய், கேன்டீனில் மதியம் மலைபோல் சோறு, நாலு மணிக்குப் பொரித்த வாழைப்பழம், இதற்கெல்லாம் நடுவில் பாலும் சீனியும் கலந்து ஆற்றிய தே தாரேக் என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதை நிறுத்தினேன். பாலும் சீனியும் போடாத தே ஓ குடித்தேன். டப்பாவில் கீரையும் பயற்றங்காயும் கொண்டுபோனேன்.

பேச்சு வாங்கினேன். கேன்டீனில் எல்லாருக்கும் என் டப்பாமேல்தான் கண். ஒருத்தி வெந்தயம் ஊறவைக்கச் சொன்னாள், இன்னொருத்தி கொய்யா இலையைக் கொதிக்கவைக்கச் சொன்னாள். சொன்ன இரண்டு பேரும் என்னைவிடக் குண்டு. பிறந்தநாள் கேக்கை நீட்டி, ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பார்கள். ஒவ்வொருவருக்கும் அது ஒரு நாள். எனக்கு அது தினமும் வருகிற நாள். இருந்தாலும் தாக்குப்பிடித்தேன். மாதங்கள் போனதில் ஃபேக்டரி சட்டை தளர்ந்தது. கால் முட்டி வலி குறைந்தது. எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறும்போது பல்லைக் கடிப்பதை விட்டுவிட்டேன். எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் எடுத்த காரியத்தை முடிப்பவள் என்று எனக்குள் ஒரு திமிர் வந்தது. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

பங்குனியில் தோட்டத்துக் கோவில் திருவிழா வந்தது. லயம் போனாலும் திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். புக்கிட் செந்தோசாவிலிருந்தும் ராவாங்கிலிருந்தும் வேலை முடித்து அப்படியே காரை ஓட்டிக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தை வழியாகச் செம்பனைக்குள் புகுந்து வருவார்கள். கொடியேற்றம் முதல் தீமிதி வரை விரதம். ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. நான் விரதம் இருக்க முடிவு செய்தேன். தம்பிக்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டது போலவும் ஆயிற்று, பட்டினி கிடந்து எடை குறைந்தது போலவும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். இந்த முட்டாள்தனத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். கறி மீன் இல்லையென்றால் அது பத்தியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விரதச் சாப்பாடு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பகல் முழுக்க வயிறு காயும். பூசை முடிந்ததும் காய்ந்த மாடு கம்பில் விழுந்தது போல் இலையில் விழ வேண்டியது. இலையில் என்ன இருக்கும்? குவித்த வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், எண்ணெய் சொட்டும் வடை, பாயசம், நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல். போதாததற்குச் சீனக் கடையில் விற்கும் சைவ ஆட்டுக்கறி என்று ஒன்று, மாவைப் பிசைந்து பொரித்து மசாலா போட்டது. காய்கறி என்று பெயருக்கு முட்டைக்கோஸ், ஊறுகாய் அளவுக்கு. மலாய்க்காரப் பெண் வரைந்த தட்டை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தால் அதுதான் எங்கள் கோவில் இலை. அதில் ஒன்றை ஒதுக்கினாலும் உபயக்காரக் குடும்பம் முகத்தைத் தூக்கிக்கொள்ளும். அவர்கள் உபயத்தில் சாப்பிட்டாள், எங்கள் உபயத்தில் சாப்பிடவில்லை என்று அடுத்த வருடம் வரைக்கும் பேசுவார்கள்.

பொங்கல் பரிமாறுவது என் தம்பி. இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து அது அவன் உரிமை. வாளியை இடது கையில் தொங்கவிட்டு வலது கையால் கரண்டி போட்டுக்கொண்டு பந்தியை ஓட்டமாக முடிப்பான். இப்போது இடது கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருக்கிறார்கள், அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. வாளியை வலது கைக்கு மாற்றினால் இடது கையால் பரிமாற வேண்டும், அதுவும் கூடாது. அதனால் கோவில் தலைவர் வாளி தூக்குவதற்கென்றே ஓர் ஆளைப் போட்டுவிட்டார். அவர் வாளியோடு நடப்பார், என் தம்பி கரண்டியோடு நடப்பான். அவனால் அந்தப் பொங்கலில் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. தாகம் எடுத்தால் ஓர் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வான், தண்ணீருக்கும் அளவு உண்டு. அப்படிப்பட்டவன் சிரித்த முகத்தோடு பந்தியில் வருவதைப் பார்த்து எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் என் இலைக்கு வந்தபோது நான் இலைமேல் கையை வைத்து மறைத்தேன். கையை வைத்தால் போதும் என்று அர்த்தம், அது நம் எல்லாருக்கும் தெரிந்த பாஷை. அவன் நகரவில்லை.

"பெரசாதம்க்கா. கைய எடு."

"வேணாம்டா. டாக்டர் சொன்னது ஒனக்குத் தெரியாதா?"

"சாமி சாப்பாடு ஒண்ணும் செய்யாது லா."

சொல்லிக்கொண்டே கரண்டியை என் விரல்களுக்கு மேலேயே சாய்க்கப் பார்த்தான். பந்தியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தம்பிக்காக விரதம் இருக்கிறவள் தம்பி கையால் போடுகிற பிரசாதத்தைத் தள்ளுகிறாளே என்று ஒரு கிழவி சத்தமாகவே சொன்னாள். கையை எடுத்தேன். இரண்டு கரண்டி விழுந்தது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த நாக்கில் அந்த வெல்லமும் நெய்யும் பட்டபோது எப்படி இருந்தது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. மறுநாளும் கையை வைத்தேன், மறுநாளும் எடுத்தேன். அதற்கடுத்து கையை வைக்கவே இல்லை. கடைசியில் மூன்றாவது கரண்டிக்காகக் காத்திருந்தேன்.

திருவிழா முடிந்ததும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தீமிதிக்கு அடுத்த நாள் விரதம் முடித்து கிடாய்க் கறி. அதற்கடுத்து, கெட்டது கெட்டுப்போயிற்று, வெள்ளிக்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம். சரி, அமாவாசை கழியட்டும். அமாவாசை கழிந்தது. ஃபேக்டரியில் ஒருத்திக்கு வளைகாப்பு. நல்லது தொடங்குவதற்கு நாள் பார்க்கிற நம் ஜனம், கெட்டது தொடங்குவதற்கு மட்டும் நாளே பார்ப்பதில்லை. கேன்டீன் மேசையில் என் டப்பா காணாமல் போனது. ஒரு நாள் எண்ணெயில் பிரட்டிய மீ கோரெங் தட்டோடு நான் உட்கார்ந்தபோது, வெந்தயக்காரி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அன்றிலிருந்து என்னிடம் அவள் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டாள். சட்டை திரும்ப இறுக்கிப் பிடித்தது. எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பரிசோதனை நாள் வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை எப்படி ஓடியது என்று காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அதற்கு முன்னால் பொய் செல்லாது. சர்க்கரை மறுபடி எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டது, எடையும் ஏறிவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. இன்னும் மூன்று மாதம் தருகிறேன், அப்போதும் இறங்கவில்லை என்றால் உங்களை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் தம்பியை இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருக்கும் வரிசையில்தான் விடவேண்டும் என்றார். அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

விஷயத்தைச் சொல்ல நேரே புக்கிட் ரோத்தானில் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டு கன்னத்துக்குள் ஐஸ் கட்டியை உருட்டிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி பாலர் பள்ளியில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். உப்பில்லாமல் அவனுக்குத் தனிச் சமையல், கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்து வடித்து அவள் கை வெந்து கிடந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடுங்க அண்ணி. ஏன் சாப்ட்டு சாப்ட்டு சொல்றீங்க?"

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. "ஒன் வீட்டுக்காரன்தானே கரண்டி கரண்டியா போட்டான். அவனக் கேளு" என்று கத்தினேன். அவள் அவனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வரும் வழியில் சாலையோரம் பொரித்த வாழைப்பழம் விற்றார்கள். ஒரு பை வாங்கி, காரை நிழலில் போட்டு, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துத் தின்றேன். தின்னும்போதுதான் பயம் வந்தது. அவள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? பிடிக்காதவனுக்கு வேண்டாம் என்று வாயால் சொல்லத் துணிவில்லாமல், என் வாயே வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டதா? வெகுநேரம் யோசித்தேன். இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவள்மீது வந்த ஆத்திரத்துக்கு அதுதான் காரணம். பையில் மிச்சமிருந்ததை மடித்துக் குப்பையில் போட்டேன். தியாகமெல்லாம் இல்லை, தொண்டையில் இறங்கவில்லை.

உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டிய நாளில் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். எனக்குத் திட்டு வாங்கப் பிடிக்கும், திருப்பித் திட்டலாம். அந்தப் பெண் திட்டவில்லை. திருவிழா, விரதம், பொங்கல், வளைகாப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எப்போது திரும்ப ஆரம்பிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்றேன். மதியம் சாப்பிட்டாயிற்றா என்றாள். இன்னும் இல்லை என்றேன். அப்படியென்றால் மதியத்திலிருந்து என்றாள். விழுந்துவிட்டால் அடுத்த வாரம் எழுந்திருக்க வேண்டியதில்லை, அடுத்த தட்டில் எழுந்தால் போதும் என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி கேன்டீனிலேயே ஆரம்பித்தேன். கால் தட்டுச் சோறு போடச் சொன்னால், பரிமாறுகிறவர் பாவப்பட்டு இன்னொரு அகப்பை போட்டார். திருப்பி எடுக்கவைத்தேன். அவர் முறைத்தார், நானும் முறைத்தேன். அன்றிலிருந்து நான் கோபத்தில்தான் இளைத்தேன். வெந்தயக்காரி கேக்கை நீட்டினால், அவளுடைய அந்த நிம்மதியான முகத்தை நினைத்துக்கொண்டு பாகற்காயைக் கடித்தேன். தம்பி மனைவி சொன்ன வார்த்தையை நினைத்துக்கொண்டு வேலை முடிந்து புக்கிட் செந்தோசா திடலைச் சுற்றி நடந்தேன். தெருநாய்கள்கூட என் முகத்தைப் பார்த்து ஒதுங்கின. நடுவில் சறுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். மழை பெய்த ஒரு காலையில் இரண்டு ரொட்டி சானாயை நின்றபடியே விழுங்கினேன். ஆனால் அன்று மதியமே டப்பாவைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை.

அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு சனிக்கிழமை. தம்பி மனைவிக்குப் பாலர் பள்ளியில் விளையாட்டு நாள் என்பதால், அவனைக் கோலசிலாங்கூர் டயாலிசிஸ் சென்டருக்கு நான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவளோடு பேச்சுவார்த்தை இல்லை, தகவலெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். காரில் ஏறும்போதே அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கறிபாப், உளுந்து வடை, தேங்காய்ப் பூ வைத்த குவே பலகாரம். நீ காத்திருக்கும்போது பசிக்கும், சாப்பிடு என்று பின் சீட்டில் வைத்துவிட்டு சென்டருக்குள் போனான். நாலு மணி நேரம் அந்த வாசனையோடு நான் காரில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் வெயில், மூடினால் வடை. தொடவில்லை.

அவன் திரும்பி வந்தான். கையில் கட்டு, முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. புறப்பட்டதும் முதல் வேலையாகப் பின்னால் திரும்பிப் பையைப் பார்த்தான். சாப்பிடவில்லையா என்றான். குரலில் ஓர் ஏமாற்றம். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குடா இப்படிச் செய்யுற? கோவில்லயும் இதையேதான் செஞ்ச. நான் கொறஞ்சா ஒனக்குத்தானே நல்லது."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான். வெளியே செம்பனை வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"கொறஞ்சா ஒன்ன வெட்டுவாங்க லா" என்றான்.

காரை ஓரம் கட்டினேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். முதல் முறையாக நான் ஒருவனைத் திருப்பித் திட்டவில்லை.

"என்னோடது ரெண்டையும் நான்தான்க்கா கெடுத்தேன். டின்னுல போட்டு மூடி வச்சேன்ல. ஒன்னோடதையும் வாங்கிக் கெடுத்துட்டேன்னா?"

செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. எனக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை மாதம் எல்லாரையும் வெறுத்தேனே, வெந்தயக்காரியை, உபயக்காரர்களை, பந்திக் கிழவியை, அவன் மனைவியை. இவன் கரண்டியோடு நின்றுகொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அதுவும் சர்க்கரைப் பொங்கலால். அவன் செய்கிற நல்லதுகூட இப்படித்தான் இருக்கும். அழுகை வந்தது, அடக்கினேன், அவன் முன்னால் அழுவதில்லை என்று பஸ் காலத்திலேயே முடிவு செய்திருக்கிறேன்.

"கெடுத்துத்தான் பாரேன்" என்றேன். "ஒரு வேள மாத்திர விட்டாலும் வீட்டுக்கு வந்து மிதிப்பேன்."

"பஸ்ஸுல சொன்னதுக்கும் சேத்தா?"

"சேத்துத்தான்."

பையை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அவனும் தின்ன முடியாது. வீடு வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தான். இறங்கும்போது, நீயாகவே டாக்டரிடம் சரியென்று சொல்ல வேண்டும், நான் கெஞ்சமாட்டேன் என்று சொன்னேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனான். அவன் மனைவியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. அவளும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

மூன்று மாதம் முடிந்தது. சர்க்கரை கோட்டுக்குக் கீழே நன்றாகவே இறங்கியிருந்தது. எடையும் டாக்டர் கேட்ட இடத்துக்கு வந்துவிட்டது. அடுத்தகட்டப் பரிசோதனைகளுக்குப் போகலாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பியிடம், உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் அவன். யோசித்து. மாதக்கணக்கில் நான் பாகற்காய் தின்றிருக்கிறேன், துரைக்கு யோசிக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கார்வரை அவனுக்கு முன்னால் வேகமாக நடந்தேன். அவனால் வேகமாக நடக்க முடியாது என்று தெரிந்துதான் நடந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்குத் தோட்டத்துக் கோவிலில் பூசை. இந்த முறை நான் விரதமும் இல்லை, பட்டினியும் இல்லை. வீட்டில் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். பூசை முடிந்து பந்தி போட்டார்கள். இலையில் முட்டைக்கோஸை இரண்டு முறை கேட்டு வாங்கினேன், சோற்றை ஒரு மூலையில் கொஞ்சமாக வைத்துக்கொண்டேன். எனக்கு எதிர் வரிசையில் தம்பி மனைவி ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு பொங்கல் வாளி வந்தது. வாளிக்காரருக்குப் பக்கத்தில் என் தம்பி கரண்டியோடு வந்தான். ஒவ்வொரு இலையாக, நிறைய நிறைய, வழக்கம்போல் சிரித்துக்கொண்டு. கையை விரித்து இலைமேல் வைத்தேன். வாளி என் முன்னால் நின்றது. அவன் கரண்டியை உள்ளே விட்டு எடுத்தான். அது என் கைக்கு மேலே நின்றது, ஓரத்திலிருந்து நெய் சொட்டி என் புறங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. நான் கையை எடுக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்தான்.

கரண்டியைத் திரும்ப வாளிக்குள் கவிழ்த்தான்.

"இந்த எலைய விடுங்க" என்று வாளிக்காரரிடம் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

பின்னாலேயே பாயசம் கொண்டுவந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. பிரசாதம்தானேம்மா, ஒரு கரண்டி என்று குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த இலையிலிருந்து என் தம்பி திரும்பினான்.

"அக்காவுக்கு ஊத்தாதீங்க லா. எங்களுக்கு ஆப்பரேஷன் இருக்கு."

சொல்லிவிட்டு அவன் பந்தியை முடிக்கப் போய்விட்டான். பக்கத்து இலைக்காரம்மா யாருக்கு ஆப்பரேஷன், என்ன ஆப்பரேஷன் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எதிர் வரிசையில் ரசவாளியோடு தம்பி மனைவி அசையாமல் நின்றாள். என் கை இன்னும் இலைமேல்தான் இருந்தது.